குளிரில் மட்டும் வரும் டிக் டிக்: அப்பாவின் காரை டீபக் பண்ணிய கதை



இந்த வார எபிசோட் தொடங்கும்போது 10 செக்கன் சத்தம் ஒன்று போட்டோமே, ஞாபகம் இருக்கா? என்னோடு நிகழ்ச்சி செய்பவன் அதைக் கேட்டுவிட்டு "சாகப் போற ஹார்ட் டிஸ்க்" என்றான். என் மனைவி "அம்மம்மாவின் தையல் மெஷின்" என்றாள். இரண்டும் இல்லை. அது என் அப்பாவின் கார். ஸ்காபரோ, ஜனவரி, விடிய 4:40, வெளியே மைனஸ் 18.

எபிசோடில் நேரம் போதாமல் பாதியில் விட்ட கதையை இங்கே முழுசா எழுதுகிறேன். முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மெக்கானிக் இல்லை. கம்பியூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, மூன்று மாதம் ஒரு கம்பனி, ஆறு மாதம் இன்னொரு கம்பனி என்று கொன்ட்ராக்டில் மற்றவர்களின் கோடை டீபக் பண்ணிப் பிழைக்கிறவன். ஹூட்டைத் திறந்தால் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணியை எங்கே ஊற்றுவது என்று மட்டும் தெரியும். அந்த நிலையில் தொடங்கிய ஒருவன் எங்கெங்கே பிழை விட்டான், கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் இந்தப் பாடம். உங்களில் பலர் இப்போது அம்மா அப்பாவின் பழைய காரைத்தான் ஓட்டுகிறீர்கள். அதனால் உதவும்.

கார் 11 வருசப் பழசு. 2.4 லிட்டர், 4 சிலிண்டர், 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர். அப்பாவுக்கு 66 வயது. மார்க்கத்தில் ஒரு பேக்கரியில் விடிய 5:30க்கு வேலை. குளிர் நாட்களில் 15, 20 நிமிடம் முன்னதாகவே காரை ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைப் போட்டு, உள்ளே இருந்து கோப்பி குடித்தபடி ரேடியோ கேட்பார். "வீட்டில எல்லாரும் படுத்திருக்கினம். நான் ஏன் குசினிக்குள்ள நடந்து திரிஞ்சு எழுப்புவான்?" என்பார். இந்த 20 நிமிடத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சத்தம் டிசம்பரில் தொடங்கியது. ஸ்டார்ட் ஆனதும் டிக் டிக் டிக் என்று சீராக வரும். அக்சிலரேட்டரை மிதித்தால் வேகமாகும். ஐந்தாறு நிமிடத்தில் மெல்ல மெல்ல அடங்கி, பிறகு நாள் முழுக்க ஒன்றும் இருக்காது. நான் கேட்டபோது அப்பா கையை விசிறினார்.

"அது டப்பட் சத்தமடா தம்பி. சூடானால் நிண்டிடும். மண்ணெண்ணெயில ஓடின எஞ்சினெல்லாம் பாத்தனாங்கள், இதெல்லாம் ஒரு சத்தமோ?"

இந்த மண்ணெண்ணெய்க் கதை தெரியாதவர்களுக்கு: 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது பெரும்பாடு. பழைய பிரித்தானியக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, அதனால் எஞ்சின் தட்டும். எந்தத் தட்டு ஆபத்து, எது பரவாயில்லை என்று காதாலேயே பிரித்தறிந்தார்கள். அப்பாவின் காது அங்கே பழகியது. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அது 30 டிகிரிச் சூட்டில் பழகிய காது, வேறு தலைமுறை எஞ்சினில் பழகிய காது.

நான் விட்ட முதல் பிழை

சத்தம் என்றதும் நான் செய்தது நீங்களும் செய்திருக்கக்கூடியதுதான். இணையத்தில் தேடினேன். "குளிரில் டிக் சத்தம், சூடானால் நிற்கிறது" என்று போட்டால் முதலில் வரும் பதில் ஹைட்ராலிக் லிஃப்டர். அதாவது வால்வுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒயில் அழுத்தத்தால் தானாகவே நிரப்பிக்கொள்ளும் சின்ன உருளை. இரவு முழுக்க நின்ற காரில் அதிலிருந்து ஒயில் வடிந்துவிடும், காலையில் மறுபடி நிரம்பும் வரை தட்டும். சொன்ன அறிகுறிகள் எல்லாம் பொருந்தின. உடனே ஒயில் மாற்றினேன். அதோடு, லிஃப்டரைச் சுத்தம் பண்ணும் என்று போத்தலில் எழுதியிருந்த ஒரு மருந்தையும் 14 டொலர் கொடுத்து வாங்கி ஊற்றினேன். அடுத்த நாள் சத்தம் முக்கால்வாசி குறைந்துவிட்டது. குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் வெற்றிச் செய்தி போட்டேன். சித்தப்பா கைதட்டல் அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து சத்தம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

என்ன நடந்தது என்று இப்போது தெரியும். நான் ஒயில் மாற்றிய அன்று மைனஸ் 16இலிருந்து மைனஸ் 2க்குக் குளிர் குறைந்திருந்தது. ஒரே நாளில் மூன்று விஷயம் மாறியிருக்கிறது: ஒயில், மருந்து, காலநிலை. முதல் இரண்டை நான் மாற்றினேன், மூன்றாவதை நான் பார்க்கவே இல்லை. வேலையில் ஒரு ஜூனியர் இப்படி மூன்று மாற்றத்தை ஒரே கமிட்டில் போட்டுவிட்டு "சரியாயிட்டுது" என்றால் நான் எப்படிக் கத்தியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒயில் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடலாம், ஏனென்றால் அப்பா அடுத்துச் சொன்ன மருந்து "கட்டி ஒயில் ஊத்து, 20டபிள்யூ-50 ஊத்தினால் சத்தம் போயிடும்" என்பது. டபிள்யூ என்றால் வெயிட் இல்லை, வின்டர். எஸ்ஏஇ ஜே300 என்ற தரத்தில், டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குறைந்தால், இன்னும் கடுங்குளிரில் அந்த ஒயிலைச் சோதிக்கிறார்கள். 0டபிள்யூ ஒயிலைக் கிராங்க் சுழலும் அளவுக்கு இளகி இருக்கிறதா என்று மைனஸ் 35இல் சோதிப்பார்கள். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 மட்டும்தான். ஆக, மைனஸ் 18 காலையில் 20டபிள்யூ-50 ஊற்றிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது, அந்த ஒயில் பரீட்சையே எழுதாத வகுப்பில் அதைக் கொண்டுபோய் இருத்துவது மாதிரி. ஒயில் மேலே கேம் ஷாஃப்ட் வரை ஏறுவதற்குள் உலோகம் உலோகத்தில் உரசும். யாழ்ப்பாணத்தில் 20டபிள்யூ-50 நல்ல யோசனைதான். இங்கே உங்கள் காரின் ஒயில் மூடியிலும் கைநூலிலும் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். எங்கள் காருக்கு 0டபிள்யூ-20.

இன்னொன்று. எந்த எஞ்சின் சத்தத்துக்கும் முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். சமதரை, எஞ்சின் நிறுத்தி ஐந்து நிமிடம், துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை. நானே அதை மூன்றாவதாகத்தான் செய்தேன். மட்டம் சரியாக இருந்தது.

கராஜும் கைநூலும்

காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பகல் 2 மணி, 25 நிமிடம் ஓட்டிப் போன சூட்டோடு. அவர்கள் ஹூட்டைத் திறந்தார்கள், எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது. எங்கள் வேலையில் இதற்குப் பெயர் ஹைசன்பக்: பார்க்கப் போனால் மறைந்துவிடும் பிழை. நான் வாயால் "டிக் டிக்" என்று செய்து காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் தலையாட்டிவிட்டு, "ஹைட்ராலிக் லிஃப்டர்தான், முழு செட்டும் மாத்த வேணும்" என்று 2,350 டொலருக்கு ஒரு மதிப்பீடு அடித்துக் கொடுத்தார்.

சத்தத்தைக் கேட்காமலே கொடுத்த மதிப்பீடு அது. ஆனாலும் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, நானும் சத்தம் இல்லாத நேரத்தில்தான் கொண்டுபோனேன். அன்றிரவு 2,350ஐப் பார்த்துத் தூக்கம் வராமல், அந்த எஞ்சினின் சர்வீஸ் மனுவலைத் தேடி எடுத்து வாசித்தேன். வால்வ் பகுதிக்கு வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். அந்த எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டரே கிடையாது! கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருப்பது வெறும் உலோகக் கிண்ணம். இடைவெளியை அளந்து, தேவையானால் வேறு தடிப்புள்ள கிண்ணம் போடுவார்கள். ஒயில் வடிவதும் இல்லை, நிரம்புவதும் இல்லை. நான் ஊற்றிய 14 டொலர் மருந்து, இல்லாத உறுப்புக்கு.

எல்லா எஞ்சினிலும் லிஃப்டர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறையக் கார்களில் இருக்கிறது, குளிரில் தட்டவும் செய்யும். உங்கள் எஞ்சினின் குறியீட்டு எண்ணை எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இணையத்தில் வாசிக்கும் மருத்துவத்தை நம்ப வேண்டும்.

சத்தத்துக்கு ஒரு எண் உண்டு

இங்கே இருந்துதான் எனக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கத் தொடங்கியது. அடுத்த மைனஸ் 18 காலையில் நானும் 4:30க்கு எழும்பினேன். அப்பா ஸ்டார்ட் பண்ண, நான் போனில் சத்தத்தைப் பதிந்தேன். அதே நேரம் ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்தேன்: 1,300. (குளிரில் எஞ்சின் சும்மா நிற்கும்போதும் வேகமாகச் சுற்றும். சூடானால் 700க்கு இறங்கும்.) எபிசோடில் நீங்கள் கேட்ட 10 செக்கன் அதுதான்.

அதை ஒடாசிட்டியில் திறந்தால் அலையில் கூர்முனைகள் தெளிவாகத் தெரிந்தன. எண்ணினேன். 10 செக்கனில் 108. நிமிடத்துக்கு 648. கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,300 தடவை சுற்றுகிறது, சத்தம் கிட்டத்தட்டச் சரியாக அதில் பாதி.

ஏன் பாதி? நம் கார்கள் எல்லாம் நான்கடி எஞ்சின். ஒரு சிலிண்டர் காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளி முடிக்கக் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த இரண்டு சுற்றுக்குள் கேம் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்று, ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவை திறக்கும். ஹார்ட்வேர் படித்தவர்களுக்கு, இரண்டால் வகுக்கும் கிளொக் என்று சொன்னால் புரியும். ஆகவே பாதி வேகத்தில் வரும் சத்தம், நான்கு சிலிண்டர்களில் ஏதோ ஒன்றின் வேலைச் சுற்றோடு கட்டப்பட்டிருக்கிறது. நான்கு சிலிண்டரும் சேர்ந்து தட்டினால் செக்கனுக்கு 43 தட்டு வந்திருக்கும், காதுக்குத் தனித்தனியாகவே கேட்காது. பெல்ட், புல்லி, கிராங்க் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் தட்டு போன்றவை என்றால் பாதி வேகம் வந்திருக்காது.

இந்த எண் வட்டத்தைச் சுருக்குமே தவிர, கள்ளனைப் பிடித்துத் தராது. பாதி வேகத்தில் வரக்கூடியவை இன்னும் பல இருக்கின்றன. ஒரு வால்வின் இடைவெளி கூடியிருக்கலாம். ஒரு இன்ஜெக்டர் தட்டலாம். பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர் சுவரில் அடிக்கலாம். அல்லது ஒரு சிலிண்டரின் புகை, வெளியே போகும் குழாய் பொருந்தும் இடத்தில் கசியலாம். இந்தக் கடைசியை நான் பட்டியலில் சும்மா ஒரு ஒழுங்குக்காகத்தான் எழுதி வைத்தேன். கசிவு என்றால் "ஸ்ஸ்" என்று தொடர்ந்து இரையும் என்பது என் நினைப்பு. பிழை. ஒவ்வொரு தடவையும் எக்ஸோஸ்ட் வால்வ் திறக்கும்போது அழுத்தத்தோடு ஒரு குத்துப் புகை வரும். சின்ன ஓட்டை என்றால் அந்தக் குத்து வெளியே தெறிக்கும்போது கேட்பது உலோகத் தட்டு மாதிரியே இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளே ஏமாறுவார்கள்.

பிறகு, ஒரு பதிவேடு தொடங்கினேன். அப்பாவுக்கு ஸ்பிரெட்ஷீட் எல்லாம் சரிவராது. பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டி, நாலு கோடு போட்டுக் கொடுத்தேன்: திகதி, வெளியே எத்தனை டிகிரி, சத்தம் நிற்க எத்தனை நிமிடம், வேறு குறிப்பு. "இதென்ன பள்ளிக்கூடமோ" என்றார், ஆனால் ஒரு நாளும் தவறாமல் எழுதினார். பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அதை எடுத்து ஷீட்டில் ஏற்றினேன். மைனஸ் 19 அன்று 7 நிமிடம். மைனஸ் 8 அன்று 4 நிமிடம். பிளஸ் 2 அன்று ஒரு நிமிடம்கூட இல்லை. கிராப் அழகாக வந்தது.

நாலாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ஒரு நாள் "சினோ கூட" என்று இருந்தது. மூன்று நாளில் மட்டும் ஒரே சொல்: தலையிடி.

அந்த மூன்று நாளும் மிகக் குளிரான மூன்று நாட்கள்.

கிராப்பை மூடிவிட்டு அப்பாவிடம் போனேன். "நித்திரை காணாதடா, அதுதான்" என்றார். எப்போது இடிக்கத் தொடங்குகிறது? "கார் சூடாகிற நேரம். வேலைக்குப் போய்க் கொஞ்சத்தில விட்டிடும்." நான் பட்டியலில் ஒழுங்குக்காக எழுதி வைத்த கடைசி வரி அப்போதுதான் கண் முன்னால் வந்தது. கார்ச் சாவியை வாங்கி என் பொக்கெற்றில் போட்டேன். அன்றிலிருந்து அவர் என் காரில் போனார், நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன்.

ஏன் குளிரில் மட்டும்

எங்கள் காரில் எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. இரண்டையும் இரும்பு ஸ்டட்டுகளும் நட்டுகளும் இறுக்கிப் பிடிக்கின்றன, நடுவில் ஒரு மெல்லிய கேஸ்கெட். சூட்டில் உலோகம் விரியும், ஆனால் எல்லாம் ஒரே அளவு விரியாது. 40 சென்டிமீட்டர் நீளமான அலுமினியம் மைனஸ் 18இலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு 500 டிகிரிக்குப் போனால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒவ்வொரு காலையும் இந்த இழுபறி நடக்கும், நுனியில் இருக்கும் ஸ்டட்டுகள்தான் அதிகம் வாங்கிக் கட்டும். 11 வருசம், அதோடு இந்த ஊர் ரோட்டு உப்பு. ஒரு நாள் ஒன்று முறியும். முறிந்த மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி. எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து அந்த இடைவெளியை அடைத்துவிடும், சத்தமும் நின்றுவிடும்.

"சூடானால் நிண்டிடும்" என்று அப்பா சொன்னது உண்மைதான். பிரச்சினை, சூடாகும் வரையான அந்த நேரம். அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் எஞ்சின் கம்பியூட்டர் கூடுதல் பெற்றோலை விடும். கூடுதல் பெற்றோல், குறைந்த ஒட்சிசன், விளைவு நிறைய கார்பன் மொனொக்சைட். அதை எரித்துச் சுத்தம் பண்ணும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டர் ஏறக்குறைய 250, 300 டிகிரிக்குச் சூடான பிறகுதான் வேலை தொடங்கும். எங்கள் கசிவோ அந்தக் கன்வேர்ட்டருக்கும் முன்னால். மேனிஃபோல்ட் இருப்பது எஞ்சினின் பின்பக்கம், டாஷ்போர்ட்டுக்கு முன்னால் இருக்கும் சுவரை ஒட்டி. ஹீட்டருக்குக் காற்று இழுக்கும் வாசல் முன்கண்ணாடியின் அடியில், ஹூட்டின் பின் விளிம்பில். கார் நிற்கிறது, காற்று வந்து அடித்துக்கொண்டு போக வழியில்லை. விசிறி முழு வேகத்தில். உள்ளே அப்பா கோப்பி குடிக்கிறார்.

கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். முதலில் காட்டும் அறிகுறி தலையிடி, பிறகு தலைச்சுற்று, சத்தி. நல்ல காற்றுக்கு வந்தால் நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் திங்கட்கிழமை டொக்டரிடம் போனபோது பரிசோதிக்க எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

கண்டுபிடித்த காலை

இந்தத் தடவை கூட்டாளி ஒருவன் சொன்ன தமிழ் மெக்கானிக்கிடம் போனேன். வெள்ளி இரவே காரைக் கொண்டுபோய் அவரது கராஜுக்கு வெளியே விட்டேன். "அண்ணை, நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்கோ" என்று சொல்லி, பதிவையும் 108ஐயும் ஷீட்டையும் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பாதி வேகம் எண்டால் ஒரு சிலிண்டர்" என்று உடனே சொன்னார். நான் ஒரு இரவு முழுக்க இருந்து கணக்குப் போட்டதை!

சனி காலை மைனஸ் 6. ஸ்டார்ட் பண்ணினார், டிக் டிக் வந்தது. ஒரு மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். பின்பக்க மூலையில் நிறுத்தி, குழாயை என் காதில் தந்தார். டிக் இல்லை அது. சப், சப், சப் என்று காற்று அடிக்கும் சத்தம். (நீங்கள் இதைச் செய்து பார்ப்பதானால்: வெட்டவெளியில் மட்டும். சால்வை, ஜக்கெற் நாடா, நீள முடி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். பெல்டுக்கும் விசிறிக்கும் கிட்டக் கை வேண்டாம்.) பிறகு நாலாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் வயரை ஒரு கணம் கழற்றினார். எஞ்சின் தடுமாறியது, டிக் நின்றது. மறுபடி செருகினார், வந்தது. அந்தச் சிலிண்டரில் எரிப்பு இல்லை என்றால் தெறிக்கக் குத்துப் புகையும் இல்லை. வால்வ் இடைவெளியாக இருந்திருந்தால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் தட்டியிருக்கும். எனக்கு அந்த இரண்டு செக்கன் சோதனை மிகவும் பிடித்தது.

அவரிடம் கையடக்கமான கார்பன் மொனொக்சைட் அளவி ஒன்று இருந்தது. காரை வெளியே நிறுத்தி, கதவு மூடி, ஹீட்டரைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து ஹீட்டர் வாசலில் பிடித்தோம். 46 பிபிஎம். வெளியே பூச்சியம். பத்து நிமிடத்தில், அதுவும் வெறும் மைனஸ் 6இல். யூஎல் 2034 தரப்படி செய்த வீட்டு அலாரம்கூட 70 பிபிஎம் ஒரு மணி நேரமாவது நீடித்தால்தான் கத்தக் கடமைப்பட்டது, அதனால் 46க்கு அது கத்தியே ஆக வேண்டும் என்றில்லை. அப்பாவின் தலையிடிக்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நித்திரைக் குறைவும் உண்மைதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு வேறு நிரூபணம் தேவைப்படவில்லை.

வெப்பத் தகட்டைக் கழற்றியதும் கண்ணாடி வைத்துக் காட்டினார். நாலாவது சிலிண்டர் மூலையில், கேஸ்கெட்டிலிருந்து கண்மை கரைந்து வழிந்த மாதிரி ஒரு கரிக்கோடு. ஸ்டட் தலைப்பகுதிக்குள்ளேயே முறிந்திருந்தது. இதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் பண்ணி, அந்தச் சூட்டிலேயே மெல்லத் திருகி எடுத்தார். முதல் தடவை நட் மட்டும் கழன்று வந்தது, இரண்டாவது தடவை துண்டும் சேர்ந்து வந்தது. மற்ற ஸ்டட்டுகளையும் மாற்றி, புதுக் கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளியே நோக்கிப் படிப்படியாக இறுக்கினார். மூன்றரை மணி நேரம், வரியோடு 620 டொலர். பிறகு அதே அளவியால் அதே பத்து நிமிடம்: பூச்சியம்.

உங்கள் காரில் கேட்கும் சத்தம் இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. சுருக்கமாகச் சில: நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் மெல்லிய டிக் டிக் எப்போதும் இருக்கும், சூட்டிலும் போகாது, அது இயல்பு. ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு செக்கன் மட்டும் கடகடவென்றால் டைமிங் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றாமல் டிக் டிக் டிக் என்று மட்டும் வந்தால் பற்றரி. டிக் இல்லாமல் ஆழமான டொக் டொக் என்று வந்து, மிதிக்க மிதிக்கக் கூடினால் ஓட்டாதீர்கள், டோ பண்ணுங்கள். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், அடுத்த எக்ஸிட் வரை போக வேண்டாம்.

சினோ கொட்டிய காலையில் ஸ்டார்ட் பண்ண முன் பின்னால் போய்ப் புகைக்குழாயை மூடியிருக்கும் சினோவைத் தட்டிவிடுங்கள். நல்ல காரில்கூட அது அடைத்தால் புகை உள்ளே வரும். கராஜுக்குள் விட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு சூடாக்குவதும் வேண்டாம். 20 நிமிடம் சூடாக்கவும் தேவையில்லை. இன்றைய எஞ்சின்களுக்கு ஒரு நிமிடம் போதும், பிறகு முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் நின்று சூடாவதைவிட வேகமாகச் சூடாகும். இதை நான் அப்பாவுக்கும் படம் போட்டு விளங்கப்படுத்தினேன். கேட்டார். இப்போது 20 நிமிடம் இல்லை, 10 நிமிடம்.

பிரிட்ஜில் ஒட்டிய தாளை நான் எடுக்கச் சொல்லவில்லை, அவரும் எடுக்கவில்லை. நேற்றைய வரி: மைனஸ் 17. சத்தம் இல்லை. தலையிடி இல்லை. கோப்பி வீட்டில மறந்திட்டன்.